இல்லை எனில் 341-க்குச் செல்லவும்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நீ என்னோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. ஃபோன் செய்தால் என் எண்ணைப் பார்த்ததுமே கட் பண்ணுவாய். அதனால்தான் இந்தக் குறுக்கு வழி. நாங்கள் நிரப்பும் படிவங்கள் வாரா வாரம் தலைமை அலுவலகத்துக்கு மூட்டையாக வருகின்றன, அவிழ்த்துச் சரிபார்ப்பது உன் பிரிவு. நான்காம் குழு மூட்டையில் மேலாக இதைச் செருகியிருக்கிறேன். பயப்படாதே, பழைய சண்டையைக் கிளற வரவில்லை. வேலை விஷயம்.

குடும்பநல ஆய்வுக்குக் கேள்வித்தாள் எழுதியவள் நீ. அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவள் நான். உன் 312-ஆம் கேள்வி என் உயிரை வாங்குகிறது. 'கருத்தரிப்பதைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ நீங்களோ உங்கள் கணவரோ இப்போது ஏதாவது முறையைப் பயன்படுத்துகிறீர்களா? ஆம் எனில் 313. இல்லை எனில் 341-க்குச் செல்லவும்.'

நேற்று ஒருத்தி, "இப்பவா? இப்ப துணி அலசிக்கிட்டிருக்கேன், பார்த்தா தெரியலையா?" என்றாள். இன்னொருத்திக்கு 'முறை' என்றதும் வெட்கம் வந்துவிட்டது. "தூரத்துச் சொந்தம்தான். மாமா முறை ஆகணும்" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

சிரிப்பு வராத வீடு பதினேழாம் எண். படிவத்தில் அவள் பதினேழு, எனக்கும் அதுவே பழகிவிட்டது. முப்பத்தொரு வயது, மூன்று பிள்ளைகள். கணவன் லாரி ஓட்டுகிறான், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவான். அவளுக்கு இதய வால்வு சுருங்கியிருக்கிறது. இன்னொன்று உண்டானால் நெஞ்சு தாங்காது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது. கருத்தடை ஆபரேஷனுக்கு அவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். தினசரி மாத்திரை வைத்துக்கொள்ள முடியாது, மாமியார் அரிசி டின் வரைக்கும் துழாவுகிற ஆள். அதனால் அவன் வந்துபோன மறுநாள் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் தெருமுனைச் சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். நர்ஸம்மா முன்னாலேயே, கரு தங்காமல் தடுக்கிற அந்த ஒற்றை மாத்திரையை முழுங்கிவிட்டு, குடத்தோடு வீட்டுக்கு வருகிறாள். ஒரு வருடத்தில் ஐந்து தடவை.

312 கேட்டேன். "இப்ப ஒண்ணுமில்லையே. போன வியாழக்கிழமைதான் முழுங்குனேன்" என்றாள். அதாவது இல்லை. இல்லை என்றால் 341. அவசர மாத்திரை என்று நீ எழுதியிருக்கும் கட்டம் 313-இல் ஒன்பதாவதாக இருக்கிறது, அவள் அந்தப் பக்கமே போகவில்லை. 341-ஐப் படித்தேன்: 'ஏன் எதுவும் பயன்படுத்துவதில்லை?'

"செஞ்சுக்கிட்டுதானேம்மா இருக்கேன். ஏன் செய்யலன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றாள்.

காலியாக விட்டால் மூட்டை திரும்பி வரும் என்று குழுத் தலைவர் வாசலில் நின்று சத்தம் போட்டார். நான்காவதை வட்டமிடச் சொன்னார். 'தேவை இல்லை.' வட்டமிட்டேன். ஆனால் ஓரத்தில் பென்சிலால் உண்மையை எழுதியிருக்கிறேன். இன்னும் இருபத்திரண்டு படிவங்களிலும் அப்படித்தான். தயவுசெய்து அவற்றை எண்ணு. 'இந்த மாத்திரைய யாரும் கேக்குறதில்லன்னு ஆய்வுல வந்தா நிலையத்துல இருப்பை நிறுத்திடுவாங்களாம்' என்று நர்ஸம்மா சொல்கிறார்.

தங்கை


பிப்ரவரி 16

கள ஆய்வாளர், குழு 4

படிவத்தின் ஓரத்தில் எழுதுவது விதிமீறல். கையேட்டின் ஆறாம் பக்கம் பார்க்கவும். பேனாவால் இடப்பட்ட குறியீடுகள் மட்டுமே கணினியில் ஏற்றப்படும். பென்சில் குறிப்புகள் அழிக்கப்பட்டன. எதிர்காலத்தில் இது தொடர்ந்தால் குழுத் தலைவரிடம் விளக்கம் கேட்கப்படும்.

பிரிவு அலுவலர்

பி.கு. இருமல் விட்டதா? மூட்டை அவிழ்க்கும் பையனுக்கு வாசிக்கத் தெரியும். கடிதத்தை ஒட்டி அனுப்பு.


பிப்ரவரி 24

பிரிவு அலுவலர் அம்மையார் அவர்களுக்கு,

'அழிக்கப்பட்டன.' யார் அழித்தார்கள்? ரப்பர் தானாக எழுந்து நடந்து வந்ததா?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீயும் நானும் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள், பிரிவு அலுவலர் என்று கையெழுத்துப் போடும்போது உன் கை கூசவில்லையா? இருமல் விடவில்லை. கேட்டதற்கு நன்றி.

இந்த வாரம் என்ன கண்டுபிடித்தேன் தெரியுமா? இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு 'அவசர மாத்திரை' என்றால் விளங்கவே இல்லை. "அவசரம்னா ஆம்புலன்ஸ் வருமே, அதா?" என்கிறார்கள். அவர்களுக்கு அது 'மறுநாள் மாத்திரை'. 'மறுநாள் மாத்திரை போட்டிருக்கீங்களா, எப்பவாவது?' என்று நானாக ஒரு வார்த்தை மாற்றிக் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொல்கிறார்கள், அக்கா. நாற்பது பேரில் பதினோரு பேர். உன் 312-க்கு அந்தப் பதினோரு பேரும் 'இல்லை'. பொய் சொல்லவில்லை. நீ கேட்டது இப்போது, அவர்கள் செய்தது அன்றைக்கு.

பதினேழைத் தெருவில் பார்த்தேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, குடத்தைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு நிற்கிறாள். "நீங்க எழுதிக்கிட்டுப் போனீங்களே, அது மேல போச்சா?" என்று கேட்டாள். போச்சு என்றேன். பொய். நீ என்னை அவளிடம் பொய் சொல்ல வைத்தாய்.

தங்கை


மார்ச் 6

வாயாடிக்கு,

அலுவலகத் தாளில் எழுதவில்லை, பார்த்தாயா.

நீ சொல்வது எனக்குத் தெரியாதென்று நினைக்கிறாயா? முதல் வரைவில் 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை தடவை' என்று தனிக் கேள்வியே போட்டிருந்தேன். கேள்வித்தாள் முப்பத்திரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்றார் இயக்குநர். எதையாவது வெட்டு என்றார். வெட்டினேன். 'இப்போது' என்ற சொல்லை மாற்றவும் கேட்டுப் பார்த்தேன். இருபது வருடமாக எல்லா ஆய்விலும் அதே சொல்தான், மாற்றினால் பழைய கணக்கோடு ஒப்பிட முடியாது என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சொல் தப்பாக இருந்தாலும் இருபது வருடமும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. எழுதிப் பார்க்கும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

இதுவரை வந்த எண்ணைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. அவசர மாத்திரை, ஆயிரத்துக்கு மூன்று பேர். 341-இல் 'தேவை இல்லை' என்றவர்கள் பாதிக்கு மேல். இந்த இரண்டு வரியைத்தான் மேலே வாசிப்பார்கள். நீயாகச் சொல் மாற்றிக் கேட்ட நாற்பது படிவத்தைப் பற்றி மூச்சு விடாதே, வேலை போய்விடும்.

சொல்லாதே என்று உன்னிடம் சொல்வது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. உன் வாய்தான் ஊரறிந்ததாயிற்றே. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அத்தான் முன்னால் என்ன சொன்னாய்? "அக்காவுக்கு மாத்திரை வாங்கி வாங்கி மருந்துக்கடைக்காரருக்கே நான் சொந்தக்காரி ஆயிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். இன்னொரு குழந்தை ஏன் நிற்கவில்லை என்று மூன்று வருடமாக என்னை டாக்டர் டாக்டராக அழைத்துக்கொண்டு போன மனிதர் அவர். அன்று ராத்திரியே மகள் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார், இனி தொட மாட்டேன் என்று. நீ மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அந்த வீட்டில் இருந்தது நான்தானே?

அக்கா


மார்ச் 15

அக்கா,

அன்றைக்கு நான் சொன்னது தப்பு. பதினைந்து மாதமாக இதை எழுத வரவில்லை, இப்போது எழுதிவிட்டேன். விளையாட்டாக வாய் தவறிவிட்டது. நீ என்னை அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பழைய தாள் கட்டு ஒன்று அனுப்பியிருந்தீர்கள். திருப்பிப் பார்த்தால் ஒத்திகைப் படிவங்கள். அச்சுக்குப் போகுமுன் கேள்விகளைச் சோதிக்க உங்கள் அலுவலகப் பெண்களே நிரப்பியவை. பெயருள்ள முதல் பக்கத்தைக் கிழித்திருந்தார்கள். ஆனாலும் ஏழுக்கு நடுவில் கோடு போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

தேதி நவம்பர் 21, நம் சண்டைக்கு முந்தைய மாதம். 312: இல்லை. 341: தேவை இல்லை.

நவம்பர் 18-ஆம் தேதி உனக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு மழையில் நனைந்து வந்தவள் நான். தேதி ஏன் ஞாபகம் என்றால் அன்றைக்குத்தான் என் செருப்பு அறுந்தது. மூன்று நாள் கழித்து நீயே எழுதிய கேள்விக்கு நீயே 'இல்லை' போட்டிருக்கிறாய். பயத்தில் போட்டாயோ, 'இப்போது இல்லையே' என்று நியாயமாக நினைத்துத்தான் போட்டாயோ, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அந்தக் கேள்வி தோற்றது உன்னிடம்தான் முதலில். இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? இயக்குநரிடம் சொல். பெயர் சொல்ல வேண்டாம், ஒரு படிவம் என்று சொல்.

சீக்கிரம் சொல். இதுவரை வந்த எண்ணை வைத்தே நிலையத்துக்கு வாய்மொழி உத்தரவு வந்துவிட்டது, ஏப்ரல் ஒன்றிலிருந்து இருப்பு கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர அரை நாள் ஆகும், அரை நாள் வெளியே போகப் பதினேழை மாமியார் விட மாட்டாள். இங்கே கடைகளில் டாக்டர் சீட்டு கேட்கிறார்கள். சீட்டு வேண்டுமென்றால் புருஷனைக் கூட்டிவா என்கிறார் டாக்டர். உன் ஊரில் சீட்டில்லாமல் கிடைக்குமே, இரண்டு மட்டும் வாங்கி எனக்கு அனுப்பு. நர்ஸம்மா அவற்றை வாங்கித் தன் கைப்பையில் வைத்திருந்து அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வழக்கமான கணக்குப்படி அவள் புருஷன் இன்னும் மூன்று வாரத்தில் வருவான்.

தங்கை


ஏப்ரல் 2

வாயாடி,

நான் சொல்லவில்லை.

கூட்டம் 28-ஆம் தேதி நடந்தது. நீண்ட மேசை, பதினான்கு பேர், அதில் பெண்கள் இரண்டு பேர். அட்டவணையைத் திரையில் போட்டார்கள். 'ஆயிரத்துக்கு மூன்று' என்ற வரி வந்ததும் நான் எழுந்தேன். இந்தக் கேள்வி இந்த மாத்திரையை அளக்காது என்றேன். இது தினமும் செய்கிற காரியம் இல்லை, அன்றைக்கு ஒருநாள் செய்துவிட்டு மறக்கிற காரியம், இப்போது என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்றேன்.

"நல்ல ஊகம்மா. ஆதாரம் இருக்கா?" என்றார் இயக்குநர்.

ஒத்திகைப் படிவம் ஒன்று இருக்கிறது என்றேன்.

"அதுல அந்தப் பொண்ணு இல்லன்னுதானே போட்டிருக்காங்க? அவங்க பயன்படுத்துனாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது நாற்காலியில் அத்தானின் நண்பர் உட்கார்ந்திருந்தார், வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சீட்டாட வருகிறவர். 'தெரியும்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்று உட்கார்ந்துவிட்டேன். அட்டவணை அப்படியே கையெழுத்தாகிப் போய்விட்டது. 'பெரும்பான்மைப் பெண்கள் தேவை இல்லை எனத் தெரிவித்துள்ளனர்' என்று அதன் கீழே ஒரு வரி. அதை எழுதிக் கொடுத்ததும் நான்தான், அது என் வேலை.

களப்பணி முடிந்ததால் இனி மூட்டை கிடையாது. மாத்திரை இரண்டை இதோடு வைத்துத் தபாலில் அனுப்புகிறேன். இரண்டு அஞ்சல் அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறேன், கவனமாகப் பிரி. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நர்ஸம்மாவிடம் உடனே கொடுத்துவிடு.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது.

வேலையில் சேர்ந்தபோது பதிவேட்டில் நான் எழுதிய, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மாடி அறை முகவரிக்கு அனுப்பியிருக்கிறாய். அதைக் காலி செய்து ஒன்பது மாதம் ஆகிறது. நான் வீடு மாறியது உனக்கு எப்படித் தெரியும்? நாம்தான் பேசிக்கொள்வதில்லையே. மூட்டையில் போன கடிதங்களில் முகவரி எழுத வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பழைய வீட்டுக்காரர் பத்து நாள் ஜன்னலில் செருகி வைத்திருந்துவிட்டு, வழியில் என்னைப் பார்த்ததும் ஞாபகம் வந்து கொடுத்தார்.

அவன் 7-ஆம் தேதி வந்தான். 9-ஆம் தேதி போனான்.

10-ஆம் தேதி அவள் குடத்தோடு நிலையத்துக்குப் போயிருக்கிறாள். நர்ஸம்மா கைப்பையைத் திறந்து காட்டி, இன்னும் வரலம்மா என்றிருக்கிறார். 11-ஆம் தேதியும் போயிருக்கிறாள். 12-ஆம் தேதியும்.

இருந்தாலும் நேற்று ஓடினேன். மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இனிமே இதால ஆகாதுல்ல?" என்றாள். இல்லை என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டாள், மாமியார் கண்ணில் பட்டுவிடும் என்று. என் பர்ஸில்தான் இருக்கிறது.

தங்கை


செப்டம்பர் 11

அக்கா,

நான்கு முறை எழுதினாய், பதில் போடவில்லை. போட ஒன்றும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன், கலைக்கவும் கையெழுத்துக் கேட்டார்கள். அவன் ஃபோனை எடுக்கவில்லை. அதற்குள் கலைக்கிற காலம் கடந்துவிட்டது.

இன்று மறுசரிபார்ப்பு என்று என்னை அதே தெருவுக்கு அனுப்பினார்கள். பத்து வீட்டில் ஒரு வீட்டை மீண்டும் கேட்டுப் பதில் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு. பட்டியலில் பதினேழு இருந்தது. மாமியார்தான் கதவைத் திறந்தாள். கடைசிப் பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஆறாம் மாசம். படியிலயே உட்கார்ந்துட்டா. மூச்சு விட முடியல. ஆஸ்பத்திரி போற வழியிலயே எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றாள். பிறகு, "எங்ககிட்ட சொல்லியிருந்தா பார்த்திருக்க மாட்டோமா?" என்றாள். படிவத்தைப் பிரித்தேன்.

உன் படிவத்தில் அதற்கும் வழி வைத்திருக்கிறாய். 'வீட்டில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களின் எண்ணிக்கை.' பூஜ்யம் போட்டேன். 'பூஜ்யம் எனில் நேர்காணலை முடிக்கவும்.' முடித்தேன்.

அந்த முதல் படிவத்தில் 'தேவை இல்லை'யை வட்டமிட்டது என் கை. நீ மட்டும் என்று நான் சொல்லவில்லை, அக்கா.

தங்கை


செப்டம்பர் 20

என் தங்கைக்கு,

இதைப் படிவமாக எடுத்துக்கொள். கேட்க ஆள் இல்லை, நானே கேட்டு நானே எழுதுகிறேன்.

312. இப்போது ஏதாவது முறை? இல்லை.

ஓரக்குறிப்பு: கடந்த பன்னிரண்டு மாதங்களில் மூன்று தடவை. மகள் தலையில் சத்தியம் செய்த பிறகு. நீ இல்லாததால் நானே இரண்டு பஸ் மாறி, முகம் தெரியாத தெருவில் வாங்கி, கடை வாசலிலேயே முழுங்கினேன். தண்ணீர்கூட இல்லாமல். வீட்டுக்கு எதையும் கொண்டுவர முடியாது. உன் பதினேழைப் பற்றி முதல் கடிதத்தில் படித்தபோதே பயந்தேன், என்னைப் பற்றி யாரோ உன்னிடம் சொல்லிவிட்டார்களோ என்று.

இதே வார்த்தைகளில், என் பெயர் போட்டு, இயக்குநருக்குக் கடிதம் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எழுதினேன், மறைக்கவில்லை. அத்தான் படித்தார். எழுந்து போய்த் தன் அம்மா வீட்டில் இருக்கிறார், மகளையும் அழைத்துக்கொண்டு. இயக்குநர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "ஒரு படிவத்துக்காக அட்டவணையைத் திருத்த முடியாதும்மா. அடுத்த ஆய்வுல பார்க்கலாம்" என்றார். அடுத்த ஆய்வு ஐந்து வருடம் கழித்து. அதற்கான வரைவு நேற்று என் மேசைக்கு வந்தது. 312 அப்படியே இருக்கிறது. ஒப்பிட வேண்டுமாம்.

மார்ச் மாதம் இதைச் செய்திருந்தால் அந்தப் பெண் இருந்திருப்பாள். இதற்கு மேல் எனக்கு நானே எதுவும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வீடு காலியாக இருக்கிறது. முடிந்தால் வா.

இன்று ஆவண அறையில் போய்ப் பதினேழின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ரப்பர் யார் கையில் இருந்தது என்று கேட்டாயே, என் கையில்தான். இருபத்து மூன்று படிவங்களையும் ஒரே மதியத்தில் உட்கார்ந்து அழித்தேன். ஆனால் நீ எப்போதும் அழுத்தி எழுதுகிறவள். தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் தடம் தெரிகிறது: 'ஐந்து தடவை. நிலையத்தில். நர்ஸ் முன்னால். குடத்தோடு வருகிறாள்.' பென்சில் எடுத்து அந்தத் தடத்தின் மேலேயே மறுபடி எழுதிவிட்டு வந்தேன். யாரும் அதை எண்ணப் போவதில்லை.

341-இல் நீ போட்ட வட்டத்தையும் அழித்துப் பார்த்தேன். தாள்தான் கிழிந்தது. அது பேனா.

அக்கா